ஆணை இடுவோரும் அதைச் சுமப்போரும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2025-ஆம் ஆண்டில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஊர் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். அக்கோட்டையின் சிறு குன்று ஒன்றிற்குத் தோல்தொழிலாளர் குலப்பெயரே வழங்கி வந்துள்ளது. ஆயினும், கல் சுமந்தோரைக் கேட்டா மன்னர்கள் மதில் எழுப்பினர்? அது மன்னராட்சி. குடியாட்சியிலும் அவ்வாறே நடப்பதுதான் நம் மனக்குறை.

ஆணைகளுக்கு நமக்கு என்றும் பஞ்சமில்லை. இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் வாதாடியதன் பயனாக, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நமக்கும் உரியவை என்று 1924-ஆம் ஆண்டிலேயே அரசாணை பிறந்தது. அதன் பின்னும் எத்தனை ஊர்களில் நம் தாய்மார்கள் கிணற்றடியில் காத்து நின்றனர் என்பதை இங்குள்ள மூத்தோர் அறிவர்.

கல்வியைப் பார்ப்போம். 1920-களில் தொழிலாளர் துறை நம் சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. 'லேபர் பள்ளிக்கூடம்' என்று நம் பாட்டனார் அவற்றை அழைத்தனர். அவற்றின் வழிவந்தவையே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். 2023 மார்ச்சில், நிதிநிலை அறிக்கையின் வாயிலாக, இப்பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையுடன் இணைக்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. இணைப்பைக் கண்மூடி எதிர்ப்போர் அல்லோம். சாதிப் பெயர் தாங்கிய பலகையின் கீழ் நம் பிள்ளைகள் நிற்க வேண்டா என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நம் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய நிதியும், விடுதியும், ஆசிரியர் பணியிடங்களும் இணைப்பிற்குப் பின் என்னாகும்? பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. ஒழுகும் கூரையை மாற்றுவதும் காலிப் பணியிடத்தை நிரப்புவதும் அன்றோ அரசின் வேலை? அறிவிப்பதற்கு முன்னர் ஒரு சேரியிலாவது பெற்றோரைக் கூட்டிக் கேட்டிருக்கலாகாதா?

கல்லூரிக் கல்வியின் கதையும் அதுவே. சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என 2012-ஆம் ஆண்டில் ஆணை வந்தது. அதை நம்பிப் பலர் பொறியியல் பயிலச் சென்றனர். 2017-இல் மற்றோர் ஆணை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோருக்கு அவ்வுதவியைச் சுருக்கியது. 2018-இல் மைய அரசின் நெறிமுறைகள் அவ்வொதுக்கீட்டினரை அறவே விலக்கின. கோட்டையில் ஒரு வரி திருத்தப்படுகிறது. குடிசையில் ஒரு வாழ்வு திசை மாறுகிறது.

நம் சங்கத்தின் வழியாகக் கல்லூரி சென்ற ஒரு மாணவியின் தந்தை வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்பவர். உதவித்தொகை வந்து சேருமுன் கல்லூரி கட்டணத்தைக் கேட்டது. அவர் மனைவியின் தோட்டை அடகு வைத்தார். மீதித் தொகைக்கு நாம் உண்டியல் ஏந்தினோம். பெண் படித்துத் தேறினாள், தோடு மீளவில்லை. அந்தத் தோட்டின் கணக்கு எந்த நிதிநிலை அறிக்கையிலும் இடம்பெறாது.

நாம் எந்தக் கட்சியின் மீதும் பகை கொண்டு இதைக் கூறவில்லை. ஆட்சிகள் மாறின, கேளாமல் முடிவெடுக்கும் வழக்கம் மாறவில்லை என்பதே நம் வருத்தம். 2024-ஆம் ஆண்டில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல்திட்டச் சட்டத்தை நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. நமக்கென ஒதுக்கும் பணம் நமக்கே செலவாக வேண்டும் என்பது அதன் நோக்கம். வரவேற்கிறோம். ஆனால் 1924-இன் பாடத்தை மறவோம். ஏட்டிலுள்ள சட்டம் ஊருக்குள் நடந்து வர வேண்டுமாயின், கேட்பதற்கு ஆள் வேண்டும்.

ஆகவே, இவ்வெள்ளி விழாவில் ஒரு வேண்டுகோள். படித்த ஒவ்வோர் இளைஞரும் தம் ஊர்ப் பள்ளிக்கு எவ்வளவு நிதி வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பதைத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள். நம் முன்னோர் கையெழுத்துப் போடக் கற்பதற்கே போராடினர். அக்கையெழுத்து இனி மனுவின் அடியில் மட்டுமன்றி, முடிவின் அடியிலும் இடம்பெற வேண்டும்.