ஸ்டென்டுக்கு ஓர் ஆவிப் பூச்சு

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் உங்கள் உறவிலோ தெருவிலோ ஒருவராவது இருப்பார். அடைபட்ட ரத்தக்குழாயை விரித்துத் தாங்கும் சின்னஞ்சிறு கம்பி வலைக்குழாய் அது. வெறும் எஃகாக இருந்த காலத்தில் ஒரு தொல்லை: காயம்பட்ட குழாய்ச் சுவர் ஆறுகிற வேகத்தில் அளவுக்கு மீறி வளரும், சிலருக்குச் சில மாதங்களிலேயே மறுபடி அடைக்கும்.

வளர்ச்சியை அடக்க மருந்து இருந்தது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் தந்த சிரோலிமஸ். விழுங்கினால் உடம்பெல்லாம் பரவும். தேவையோ ஓரங்குல இடத்தில், சில வாரங்களுக்கு. பாலிமரில் கலந்து ஸ்டென்ட் மேலேயே பூசலாம்தான். ஆனால் ஸ்டென்ட் விரியும்போது கம்பி வளையுமே, பூச்சு உரிந்தால்?

அதற்குத்தான் அடியில் பாரிலீன் என்ற பூச்சு. 1947இல் மான்செஸ்டரில் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் கண்டது. பிறகு அமெரிக்காவின் யூனியன் கார்பைடில் வில்லியம் கோர்ஹாம் தொழில்முறைக்குக் கொண்டுவந்தார். காற்றை உறிஞ்சிய கலத்தில் ஒரு தூளைச் சுமார் 150 டிகிரியில் ஆவியாக்கி, 650 டிகிரிக்கு மேல் சூடாக்கி மூலக்கூறுகளை உடைக்கிறார்கள். அந்தத் துண்டுகள் அறை வெப்பத்தில் இருக்கும் பொருளில் பட்டதும் தாமே சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. கரைப்பான் கிடையாது, காயவைக்கும் வேலையும் கிடையாது. கொசுவலையைக் கஞ்சியில் முக்கினால் கண்கள் அடைத்துக்கொள்ளும் அல்லவா? ஆவியில் அந்த வம்பு இல்லை. மூலை முடுக்கெல்லாம் ஒரே கனத்தில் படியும்.

2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைஃபர் ஸ்டென்டில் பாரிலீன் மேல் மருந்துப் பாலிமர், அதற்கும் மேல் மருந்தில்லாத மெல்லிய மூடி. மூடி வேகத்தைக் கட்டுப்படுத்தியதால் மருந்தில் ஏறத்தாழ 80 சதவீதம் ஒரு மாதத்தில் வெளியேறியது. பேர் முழுக்க மருந்துக்குத்தான். அடிப்பூச்சைப் பற்றி யார் பேசினார்கள்?

மருந்து தீர்ந்த பிறகும் பாலிமர் அங்கேயே கிடந்தது. 2006 வாக்கில், ஆண்டுகள் கழித்து ரத்தம் உறையும் அபாயம் பெரும் சர்ச்சையானது. கரைந்துபோகும் பாலிமர்களும் பாலிமரே இல்லாத ஸ்டென்டுகளும் வந்தன.

ஆவிப் பூச்சு அதோடு ஓய்ந்துவிடவில்லை. எம்.ஐ.டி.யில் கேரன் கிளீசன் குழுவினர், கலத்துக்குள் தனியே உள்ள ஒரு கம்பியை மட்டும் சூடாக்கி, பூசப்படும் பொருளைக் குளிர்ச்சியாகவே வைக்கும் முறையை வளர்த்தார்கள். மருந்துத் துகளைக் கரைக்காமலே அதன்மேல் உறை போடலாம். வயிற்றின் அமிலத்தில் சுருங்கியிருந்து, குடலுக்குப் போனதும் உப்பி மருந்தை விடுகிற உறைகளையும் அப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள்.