அஞ்சாமல் குறை சொல்ல



இணையத்தில் ஒரு பொருள் வாங்கும்போது, விலைக்கு அடுத்தபடி நம் கண் தேடுவது நட்சத்திரங்களைத்தான். முகம் தெரியாதவருக்குப் பணம் கட்டுகிறோம். முன்பு வாங்கியவரின் சொல்தான் நமக்குத் துணை. அந்தச் சொல் உண்மையாக இருக்கிறதா?

1995-இல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் தொடங்கிய இணைய ஏலச் சந்தைதான் இன்றைய ஈபே. வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறை அடுத்த ஆண்டே அங்கு வந்தது. பார்வைக்கு நியாயமான முறைதான். ஆனால் விற்பவர்கள் பலர் தங்கள் மதிப்பெண்ணைப் போடாமல் காத்திருந்தார்கள். வாங்கியவர் குறை சொன்னால், பதிலடியாக அவர் பெயருக்கும் ஒரு கரும்புள்ளி விழும். அதற்கு அஞ்சியே பலர் வாய் திறக்கவில்லை. ரெஸ்னிக், செக்கௌசர் என்ற ஆய்வாளர்கள் அந்தச் சந்தையின் 1999-ஆம் ஆண்டு விவரங்களை அலசினார்கள். வாங்கியவர்கள் பதிந்த கருத்துகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பாராட்டாகவே இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் எதுவுமே எழுதவில்லை. மனக்குறை உள்ளவர்கள் அந்த மௌனத்துக்குள் இருந்திருக்க மாட்டார்களா?

2008-இல் ஈபே விதியை மாற்றியது: வாங்குபவர்மீது விற்பவர் இனிக் குறை பதிய முடியாது. விற்பவர்கள் கொதித்தார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஏமாற்றும் வாடிக்கையாளரும் உண்டே!

இரு தரப்புக்கும் பொருந்தும் வழியை, வீடுகளை வாடகைக்குவிட உதவும் ஏர்பிஎன்பி 2014-இல் கொண்டுவந்தது. விருந்தினர் எழுதியதும் வீட்டுக்காரர் எழுதியதும் மூடியே இருக்கும். இருவரும் எழுதி முடித்த பிறகோ, 14 நாள் கெடு தீர்ந்த பிறகோதான் வெளியாகும். மற்றவர் எழுதியதைப் பார்த்துவிட்டுப் பழிதீர்க்க வழியில்லை.

ஆக, உண்மை பேசுங்கள் என்று உபதேசித்தால் மட்டும் போதாது. உண்மை சொன்னவருக்குத் தீங்கு வராதபடி விதி அமைய வேண்டும். அது நிறுவனங்களின் கடமை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. கோபம் வந்தால் மட்டும் எழுதுவது, பரிசுக் கூப்பனுக்காக ஐந்து நட்சத்திரம் போடுவது, இரண்டுமே அடுத்தவரை ஏமாற்றும். பொருள் சொன்ன நாளில் வந்ததா, அளவு சரியாக இருந்ததா, திருப்பி அனுப்பியபோது பணம் கிடைத்ததா? நடந்ததை நடந்தபடி நான்கு வரி எழுதுங்கள். நல்ல வியாபாரிக்கு அதுவே விளம்பரம். அடுத்து வாங்குபவருக்கு அதுவே பாதுகாப்பு.