ஐம்பதில் வளையுமா?



'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நம் முன்னோர் கேட்டனர். நல்ல பழக்கங்களை இளமையிலேயே பயிலவேண்டும் என்பதற்காக எழுந்த பழமொழி அது. ஆயினும், சென்ற ஆண்டு அதே கேள்வி வேறொரு வகையில் என்முன் வந்து நின்றது. என் வயது 48. என் கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கி நிற்பவை. மேல்வரிசையிலோ ஒரு கோரைப்பல் அணியைவிட்டு வெளியே நிற்பது. இந்தத் தெற்றுப்பற்களை இந்த வயதில் கம்பி கட்டி நேராக்கிக்கொள்வதா, வேண்டாவா? அதற்கு நான் விடை தேடிய வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

தேனி மாவட்டத்தில், குமுளி மலைப்பாதையின் அடிவாரத்தில் லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குதான் நான் வசிக்கிறேன்; அருகில் உள்ள பள்ளி ஒன்றில் ஆசிரியனாகப் பணியாற்றுகிறேன். மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, பெருங்குழாய்களில் இறங்கி, எங்கள் ஊர் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. இதற்குக் காரணமான முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கிற்கு 2013-ஆம் ஆண்டில் இங்கே மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15 அன்று, உழவர்கள் இவ்விடத்தில் பொங்கல் வைத்துக் கொண்டாடுவது வழக்கம்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் மாணவர்களோடு நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்த ஒரு சிறுவன், "ஐயா, எல்லாரும் சிரிக்கிறோம், தாங்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்களே!" என்றான். அவன் குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். அன்றிரவு எண்ணிப்பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக நான் சிரிக்கும்போதெல்லாம் என் கை தானாகவே வாயருகே போய்விடுகிறது என்பது விளங்கிற்று. அதைவிடக் கவலைக்குரிய செய்தி ஒன்றும் இருந்தது. பல் துலக்கும்போது சில மாதங்களாக ஈற்றில் குருதி கசிந்துகொண்டிருந்தது.

தேனியில் உள்ள பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவரை நாடினேன். "அம்மா, இந்த வயதில் பல் நகருமா?" என்பதே என் முதற் கேள்வி.

"நகரும்" என்றார் அவர். "பல்லை எலும்பில் அறைந்த ஆணி என்று நினைக்கிறீர்கள். அது அப்படியன்று."

அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிப்புள்ள நார்த்திசு இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக மெல்ல அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் சில உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் வேறு உயிரணுக்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. இவ்வாறு பல் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகரும். எலும்பு உயிருள்ள பொருள்; முதுமையிலும் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. வயது ஏற ஏற அந்த வேலை சற்று மெதுவாக நடக்கும், நின்றுவிடுவதில்லை. விசை மென்மையாக இருக்கவேண்டும் என்பதே இதில் முக்கியம். வன்மையாக இழுத்தால் வேரே கரைந்து குறையக்கூடும்.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. பிரான்சு நாட்டு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-ல் வெளியிட்ட நூலில், குதிரை லாடம் போன்ற உலோகப் பட்டையில் பற்களைக் கட்டி நேராக்கும் முறையை எழுதினார். அமெரிக்கரான எட்வர்டு ஏங்கிள் 1899-ல் பற்களின் பொருத்தக் கேடுகளை வகைப்படுத்தினார். சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-ல், பல் நகரும்போது எலும்பு ஒருபுறம் கரைந்து மறுபுறம் வளர்வதைச் சோதனையால் காட்டினார்.

அப்படியானால் உடனே கம்பி கட்டிக்கொள்ளலாமே என்று நீங்கள் கருதலாம். நானும் அப்படித்தான் கருதினேன். மருத்துவர் தடுத்தார். "வயது தடையன்று, உங்கள் ஈறுதான் தடை. நோயுற்ற ஈற்றின்மேல் கம்பி கட்டினால் எலும்பு தேய்ந்து, நேராக்க எண்ணிய பல்லே ஆடத் தொடங்கும். முதலில் ஈற்றைக் குணப்படுத்துவோம், பிறகு பேசுவோம்" என்றார். நடுவயதினர் கவனிக்க வேண்டிய வேறு சிலவற்றையும் கூறினார். நீரிழிவு கட்டுக்குள் இருத்தல் வேண்டும். புகையிலைப் பழக்கம் இருந்தால் விட்டொழிக்க வேண்டும். எலும்புத் தேய்வுக்கு உண்ணும் மருந்துகளை மருத்துவரிடம் மறைக்கலாகாது. மேலும், தாடையின் வளர்ச்சி நின்றுவிட்டமையால், தாடை அமைப்பிலேயே உள்ள பெருங்குறையைக் கம்பி மட்டும் தீர்க்காது. சிலருக்கு அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும்.

வீட்டிலும் ஆலோசனை நடந்தது. மகளின் கல்லூரிச் செலவை என் துணைவியார் நினைவூட்டினார். சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றால் செலவு குறையும். ஆனால், 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பயணத்தை மாதந்தோறும் இரண்டாண்டுகள் மேற்கொள்ள இயலுமா? ஊர் நகைக்குமே என்ற அச்சமும் எனக்கு இருந்தது. என் வயதுடைய நண்பர் ஒருவர் இதே கேள்வியை ஆராய்ந்து, 'வேண்டா' என்று முடிவு செய்தார். அவர் பற்களில் சிறிதே கோணல். உணவை மெல்வதிலும் துலக்குவதிலும் இடர் இல்லை. அவர் முடிவு சரியானதே. பல் சற்றுக் கோணியிருப்பது ஒரு குற்றமன்று.

என் நிலை வேறு. நெருங்கிய பற்களின் இடுக்குகளில் துலக்கியின் நார் நுழைவதில்லை. அழுக்குப் படிந்து ஈறு கெடுகிறது. ஆகையால், அழகு கருதி மட்டும் அன்றி, உள்ள பற்களை முதுமைவரை காக்கவும் அது எனக்குத் தேவையாயிற்று. ஆறு மாதம் ஈற்றுக்கு மருத்துவம் செய்துகொண்டேன். குருதிக் கசிவு நின்றது. அதன் பிறகே இசைந்தேன்.

ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவர் இறுதியாக ஒன்று கேட்டார்: "கம்பியைக் கழற்றிய பின்பும் காப்புத் தகடு அணிய வேண்டும், இரவுதோறும், ஆண்டுக்கணக்கில். அதற்கு உடன்படுவீர்களா?" நகர்ந்த பற்கள் பழைய இடத்திற்கே திரும்ப முயலும் என்பது காரணம். லோயர் கேம்ப்வாசியான எனக்கு இது எளிதில் விளங்கிற்று. ஆற்றைத் திருப்பிவிட்டால் போதாது. அணை நின்றுகொண்டே இருக்க வேண்டும். அணை இல்லையேல் பெரியாறு மீண்டும் மேற்கேதான் ஓடும். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அணைப் பணி 1887-ல் தொடங்கியபோது பென்னிகுவிக்கிற்கு வயது 46. அது நிறைவுற்ற 1895-ல் 54. நடுவயது என்பது பொறுமை வேண்டும் வேலைகளைத் தொடங்கக்கூடாத வயதன்று.

கம்பி கட்டி நான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் சில நாட்கள் வலித்தது. முறுக்கையும் கரும்பையும் விலக்கிவிட்டேன். நல்லவேளையாக எங்கள் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்குத் தடையில்லை. வகுப்பில் முதல்நாள் சிலர் நகைத்தனர், மறுநாள் மறந்தனர். வானொலியில் என் பற்கள் உங்களுக்குத் தெரியா. ஆனால், என் சகரம் சற்றே சீறி ஒலித்தால், அதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

மாணவர்களே, உங்கள் பற்களில் கோணல் இருப்பின் பள்ளிப் பருவத்திலேயே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் தாடையில் வேலை எளிது. இரவில் பல் துலக்காமல் உறங்காதீர்கள். ஒருவருடைய பல்லைப் பார்த்து நகையாடாதீர்கள். அந்த ஒரு நொடி நகைப்பு, அவர் கையை முப்பது ஆண்டுகள் வாயருகே வைத்துவிடும். உங்கள் தாயோ தந்தையோ, 'இந்த வயதில் எனக்கு எதற்கு?' என்று சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், ஒருமுறை மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். விடை 'வேண்டும்' என்றும் இருக்கலாம். 'வேண்டா' என்றும் இருக்கலாம். அந்த விடையை வெட்கம் சொல்லக்கூடாது; ஆராய்ச்சி சொல்ல வேண்டும்.