அன்னை மீனாம்பாள் காட்டிய வழி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இந்நன்னாளில், ‘தாயும் தொண்டும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். வெறும் புகழுரை கூறிச் செல்ல எனக்கு விருப்பமில்லை. தாய்மையைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, தாயை அடுக்களையில் நிறுத்திவிட்டு நாம் மட்டும் கூட்டத்திற்கு வந்துவிடுகிறோம். இந்தப் பந்தலிலும் ஆண்களின் வரிசையே நீண்டிருக்கிறது. ஆகவே, இல்லறத்தையும் பொதுப்பணியையும் ஒருசேரத் தாங்கிய ஓர் அம்மையாரின் வாழ்வை உங்கள்முன் வைக்கிறேன். அவர்தாம் அன்னை மீனாம்பாள் சிவராஜ்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரங்கூனில் பிறந்தார். தந்தையார் வாசுதேவப் பிள்ளை; தாயார் மீனாட்சி. தாய்வழிப் பாட்டனார் மதுரைப் பிள்ளை அந்நகரில் பெருவணிகராகத் திகழ்ந்தவர். அம்மையார் அங்கேயே கல்வி பயின்றார். சென்னைச் சட்டக் கல்லூரிப் பேராசிரியராகவும், பின்னர் மாநகர மேயராகவும் விளங்கிய ந. சிவராஜ் அவர்களின் வாழ்க்கைத் துணைவியானார். மக்களைப் பெற்று வளர்த்தார்.

சிவராஜ் அவர்கள் நமக்கு அயலாரல்லர். அந்நாளில் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்கள். செங்கற்பட்டுத் தொகுதியிலிருந்து 1957-இல் மக்களவைக்குச் சென்றவர் அவர். அவருடைய இல்லத்தின் பொறுப்பு முழுவதும் அம்மையாருடையது. ஆயினும் அவர் வீட்டோடு நின்றுவிடவில்லை.

1928-ஆம் ஆண்டில் சைமன் குழுவைப் பெருங்கட்சிகள் புறக்கணித்தன. ஒடுக்கப்பட்டோர் தம் குறையைக் குழுவின்முன் உரைத்தல் வேண்டும் என்ற நிலையை ஆதரித்து அவ்வேளையில் அம்மையார் ஆற்றிய உரையே அவரது முதல் மேடைப்பேச்சு என்பர். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. பெரும்பாலோர் ஒரு பக்கம் நிற்க, தம் மக்களின் நலன் எதுவோ அதை எழுந்து சொல்லும் துணிவு அந்த வயதிலேயே அவரிடம் இருந்தது.

ஈ.வெ.ரா. அவர்களைப் ‘பெரியார்’ என்று அழைத்தல் வேண்டும் எனத் தீர்மானித்த பெண்கள் மாநாடு 1938 நவம்பர் 13-இல் சென்னையில் கூடிற்று. அம்மாநாட்டிற்காக உழைத்த பெண்மணிகளுள் மீனாம்பாளும் ஒருவர். 1944 செப்டம்பரில் அண்ணல் அம்பேத்கர் சென்னைக்கு வந்தபோது, பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மகளிர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1945 மே திங்களில் பம்பாயில் கூடிய மகளிர் மாநாட்டிற்கும் அவரே தலைவர். அண்ணல் அவரைத் தம் தங்கையாகவே கருதினார். மாநகராட்சி உறுப்பினராகவும் கௌரவ நடுவராகவும் அம்மையார் பணியாற்றினார். 1964-இல் கணவரை இழந்தார். 1992 நவம்பர் 30-இல் மறைந்தார்.

“அவர் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். வாய்ப்பு இருந்தது, வளர்ந்தார். காலையில் ஆலைப் பேருந்தைப் பிடிக்க ஓடும் நம் வீட்டுப் பெண்ணுக்கு அவ்வாய்ப்பு ஏது?” என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு என் மறுமொழி இதுதான்: மீனாம்பாளுக்கு ஒரு செல்வக் குடும்பம் அளித்ததை, நம் பிள்ளைகளுக்கு நம் கழகம் அளித்தல் வேண்டும். அதற்காகத்தான் கழகம் தோன்றிற்று. அதைச் செய்யாத கழகத்திற்கு வெள்ளி விழா வெறும் தோரணமே.

நம் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்திலும் கார்கள் உருவாயின. வயலில் நாற்று நட்ட தாய்மாரின் பெண்கள் சீருடை அணிந்து சம்பளம் வாங்குகின்றனர். இம்மாற்றத்தை நான் குறைத்துப் பேசேன். ஆயினும் 2006-இல் திருப்பெரும்புதூரில் திறக்கப்பட்ட நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திற்று. ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்களுள் பெண்கள் மிகப்பலர். ஆலை மூடப்படலாம்; கற்ற கல்வியை எவரும் மூடவியலாது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற தோழியருக்காகப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். துணிவு நம் பெண்களிடம் இருக்கிறது. அத்துணிவுக்குச் சட்ட அறிவும் கல்வியும் துணை சேர்தல் வேண்டும்.

ஆதலால் மூன்று வேண்டுகோள்கள் விடுக்கிறேன்.

முதலாவது, பன்னிரண்டாம் வகுப்போடு பெண்ணின் படிப்பை நிறுத்தாதீர்கள். வேலைக்குப் போகத்தான் வேண்டுமெனில், வேலையோடு அஞ்சல்வழியிலேனும் படிப்புத் தொடரட்டும்.

இரண்டாவது, உதவித்தொகைகளைக் கைவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. பட்டியல் சாதி மாணவர்க்கெனத் தனி உதவித்தொகையும் உண்டு. சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் ஆயத்தமாக இல்லாமையால் இவற்றை இழக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கக்கூடாது. படித்த இளைஞர்களே, வாரம் ஒருநாள் மாலை கழகக் கட்டடத்தில் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். இதனினும் பெரிய தொண்டு இல்லை.

மூன்றாவது, ஆண்களுக்கு. உங்கள் வீட்டுப் பெண்மணி கழகக் கூட்டத்திற்கு வரும் நாளில் நீங்கள் உலை வையுங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் எந்த அளவு முன்னேறினர் என்பதைக் கொண்டே ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அளப்பதாக 1942-இல் நாகபுரி மகளிர் மாநாட்டில் அண்ணல் கூறினார். அந்த அளவுகோலை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

மீனாம்பாள் அம்மையாரின் படத்தை இம்மண்டபத்தில் மாட்டுவது எளிது. அவரைப் போல எழுந்து பேசும் பெண்களை இம்மேடையில் அமர்த்துவதே அவருக்குச் செய்யும் மரியாதை. அடுத்த ஆண்டு விழாவில் கழகத்தின் செயற்குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்னும் என் வேண்டுகோளை முன்வைத்து அமர்கிறேன்.