ஆங்கிலக் கால்வாய்களில் கூதிரும் பனியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'பனி' என்னும் ஒரு சொல் பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி; வயல்வெளியை மறைக்கும் வெண்புகையும் பனி; இமயத்தில் பஞ்சாய்ப் பொழிவதும் பனி; நீர் கல்லாய் இறுகுவதும் பனி. மூடுபனி, வெண்பனி, உறைபனி என அடைமொழி சேர்த்து வேறுபடுத்த வழியுண்டு. ஆயினும், இன்றைய கவிதைகளில் இவ்வேறுபாடு பெரிதும் பேணப்படுவதில்லை. வெப்பநாட்டு மொழிக்கு இதனைக் குறையென்று கூறுதல் பொருந்தாது. ஆனால், வருவது வெண்பனியா உறைபனியா என்று பிரித்தறியாவிடின் குடியிருக்கும் இடத்தையே இழக்க நேரும் மக்கள் உள்ளனர். இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளை உடையோரும் அவற்றில் வாழ்வோருமே அவர்கள். குளிர்காலத்திற்கு அவர்கள் தம் படகை எவ்வாறு ஆயத்தம் செய்கின்றனர் என்பதே இவ்வுரையின் பொருள்.

அந்நாட்டுக் கால்வாய்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் நிலக்கரிக்காக வெட்டப்பட்டவை. ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்ற பொறியாளர்கள், மேட்டு நிலத்தில் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளை ஏறத்தாழ 7 அடி அகலத்தில் அமைத்தனர். அவ்வகலமே படகின் அகலமாயிற்று. 70 அடி நீளம், 7 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம் என்பது பழைய சரக்குப் படகின் அளவு. 'நேரோபோட்' என்பது அதன் பெயர். ஒடுங்கிய படகு என்று பொருள் கொள்ளலாம். சென்னையார் பக்கிங்காம் கால்வாயின் படகுகளை நினைவு கூர்வர். 1877-78இல் பஞ்ச நிவாரணப் பணியாக அதன் நகரப் பகுதி வெட்டப்பட்டது. ஆனால் அக்கால்வாய்க்கு வெள்ளமும் தூர்வும் பகை. உறைதல் என்னும் பகையை அது அறியாது.

உறைதலின் இயல்பு முதற்கண் நோக்கத்தக்கது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடுகிறது. திறந்த கால்வாயில் அதனால் பெருந்தீங்கு இல்லை. செம்புக் குழாய்க்குள் அடைபட்ட நீருக்கோ விரிய இடமில்லை. அது குழாயைப் பிளக்கிறது. ஆகவே, படகைச் சுமக்கும் நீரன்று, படகு சுமக்கும் நீரே குளிர்காலத்தில் பகையாகிறது. குடிநீர்க் குழாய், வெந்நீர்க் கலன், நீரேற்றும் பம்பு, குளியலறைக் கலப்புக் குழாய் என நீர் ஒளிந்திருக்கும் இடங்கள் பல. குளிர்கால ஆயத்தம் என்பது பெரும்பாலும் இந்நீரைத் தேடிச் சென்று வெளியேற்றும் பணியே எனலாம்.

தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். ஆங்கிலப் படகினர் இப்பணியைத் தொடங்குவதும் அப்போதுதான். படகைப் பூட்டிவிட்டு ஊர் திரும்புவோர் முதலில் பம்பின் மின்விசையை நிறுத்துவர். வெந்நீர்க் கலனின் அடித்திருகைத் திறந்து வடிப்பர். பிறகு படகிலுள்ள குழாய்கள் அனைத்தையும் திறந்து, திறந்தபடியே விட்டுச் செல்வர். வீட்டைப் பூட்டிச் செல்வோர் குழாயை மூடிவிட்டுச் செல்வது உலக வழக்கம். இங்கே அது தலைகீழாகிறது. எஞ்சிய நீர் உறைந்தாலும் விரிய ஒரு வாய் வேண்டும் என்பதே காரணம். குளியற்குழாயின் பூவாளியைக் கீழே இறக்கி வைப்பதும் இதனால்தான். உயரத்தில் தொங்கினால் அதன் நெடுங்குழலில் நீர் தங்கிவிடும். தண்ணீரும் வெந்நீரும் கூடும் கலப்புக் குழாயின் வயிற்றில் ஒரு கையளவு நீர் எஞ்சினும் போதும், அதன் பித்தளை உடல் விரிசல் காணும்.

எஞ்சினுக்குரிய பணி வேறு. இக்காலப் படகுகள் பலவற்றில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், படகின் விலாவோடு பற்றவைத்த இரும்புத் தொட்டி ஒன்றில் சுற்றிவரும். வெளியிலுள்ள கால்வாய் நீர் அத்தொட்டியைத் தழுவிக் குளிர்விக்கும். இச்சுற்றில் உறைதடுப்பு நீர்மம் உரிய அளவு கலந்திருக்க வேண்டும். கால்வாய் நீரையே உள்ளிழுத்துக் குளிரும் எஞ்சினாயின் அந்நீரை முற்றும் வடித்தாக வேண்டும். டீசல் தொட்டியை நிரப்பி வைப்பதும் மரபு. வெற்றிடமுள்ள தொட்டியில் காற்றின் ஈரம் துளியாகிக் கீழே இறங்கும். எண்ணெயும் நீரும் சேரும் வரப்பில் நுண்ணுயிர் பெருகி, வடிகட்டியைக் கருஞ்சேறாய் அடைக்கும். பழைய எஞ்சின் எண்ணெயில் அமிலம் ஏறியிருக்குமாதலால் அதனை மாற்றிவிட்டே எஞ்சினை ஓயவிடுவர். மின்கலங்களை முழுமையாக ஏற்றி வைப்பர். ஈயமும் அமிலமும் கொண்ட மின்கலம், ஏற்றம் குறையக் குறைய எளிதில் உறையும்.

ஓர் இடம் தனியே சொல்லத் தக்கது. எஞ்சினின் சுழல்தண்டு படகின் பின்புறச் சுவரைத் துளைத்து நீருக்குள் செல்கிறது. அத்துளையைச் சுற்றி மசகிட்டு இறுக்கி வைப்பர்; எனினும் சிறிது சொட்டும். சொட்டு அடிப்பள்ளத்தில் சேரும். தானியங்கிப் பம்பு அதை இறைக்கும். பம்பு மின்கலத்தை நம்பியுள்ளது. ஆளில்லாப் படகில் மின்கலம் தீர்ந்தால் பம்பு நிற்கும். பின்தளத்தின் மழைநீரும் உடன் சேரும். மூன்று மாதம் கழித்து வருபவர் கூரை மட்டும் தெரியும் படகைக் காண நேரலாம். புயல் வேண்டியதில்லை, ஒரு சொட்டும் ஒரு மறதியும் போதும். இதனால்தான் அறிந்தவர்கள் கயிற்றைச் சரிபார்க்கவும் பள்ளத்தை எட்டிப் பார்க்கவும் மாதம் ஒருமுறையேனும் படகுக்கு வருவர். இயலாதவர் அண்டைப் படகினரிடம் சாவியை ஒப்படைப்பர்.

படகிலேயே தங்குவோர்க்கு முறை முற்றிலும் வேறு. நீரை வடித்துவிட்டு அவர்கள் வாழ முடியாது. வெப்பத்தால் அதனைக் காக்க வேண்டும். நடுக்கூடத்தில் நிலக்கரிக் கணப்பு இரவும் பகலும் கனன்று கொண்டிருக்கும். புகைபோக்கியைக் கூதிர் தொடக்கத்திலேயே துடைத்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். எரிவாயு உருளையிலும் ஒரு நுட்பம் உண்டு. பியூட்டேன் சுழிப் பாகையை ஒட்டிய குளிரில் ஆவியாக மறுக்கும். புரொப்பேன் -42 பாகை வரை ஆவியாகும். உருளைக்குள் வாயு இருந்தும் அடுப்பு எரியாத காலைப்பொழுதை, பியூட்டேனைத் தவறி வாங்கியவர் அறிவர். கரையோரக் குடிநீர்க் குழாய்களும் உறையுமாதலால், உறைபனி வருமுன் தொட்டியை நிரப்பிக் கொள்வர். கழிவுக் கலனை வெறுமையாக்கிக் கொள்வர். நிலக்கரியும் டீசலும் எரிவாயுவும் ஏற்றிப் படகு படகாய் விற்றுச் செல்லும் எரிபொருட் படகுகள் இன்றும் உள. குளிர்காலத்தில் அவற்றின் வரவு உறவினர் வரவு போன்றது.

இங்கே உயிர் பற்றிய செய்தி ஒன்று உண்டு. ஏழடி அகலக் கூடத்தில் மனிதரின் மூச்சும் சமையலின் ஆவியும் குளிர்ந்த இரும்புச் சுவரில் பட்டு நீராய் வழியும். மெத்தையின் அடிப்புறம் பூஞ்சை பூக்கும். குளிருக்கஞ்சிக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்கத் தோன்றும். அதுவே பெருங்கேடு. காற்றுக் குறைந்த கணப்பு கார்பன் மோனாக்சைடை உமிழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகக் குருதியின் சிவப்பணுவைப் பற்றும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு உறக்கம். உறங்குவோர் எழுவதில்லை. 2019 முதல், தங்கும் வசதியுள்ள படகுகளில் இவ்வாயுவை அறிந்து ஒலிக்கும் கருவி இருத்தல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. குளிர் கண்ணுக்கும் தோலுக்கும் தெரியும் பகை. இந்நச்சோ குளிரை வெல்ல மூட்டிய தீயிலிருந்தே பிறக்கிறது.

பருவமல்லாப் பருவத்தில் படகு செலுத்துவோர்க்குரிய இடர்களும் சில. உதிர்ந்த இலைகள் சுழல்விசிறியைப் போர்த்தும். எஞ்சினை ஒருகணம் பின்னோக்கிச் சுழற்றி அவற்றை உதறுவர். திசம்பரில் பகற்பொழுது 8 மணி நேரத்திற்கும் குறைவு. நீர்ப்பூட்டின் கதவுக் கட்டைமேல் நடந்து கடப்பது கோடையில் விளையாட்டு. உறைபனி படிந்த காலையில் அதே கட்டையில் கால் வழுக்கினால், குளிர்ந்த நீரின் அதிர்ச்சியே மூச்சை நிறுத்தவல்லது. நவம்பர் முதல் மார்ச் வரை பூட்டுகளையும் பாலங்களையும் பழுதுபார்க்க ஆங்காங்கே வழியடைப்பர். 2012இல் பொறுப்பேற்ற கால்வாய் நதி அறக்கட்டளை அதற்கான அட்டவணையை முன்கூட்டி வெளியிடுகிறது. நிலையான கட்டுத்துறை இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். சூழ்நிலை நியாயமாயின் அதிகம் நிற்கலாம் என்றும் அச்சட்டமே கூறுகிறது. இருபுறமும் வழியடைபட்டு, நடுவே நீர் உறைந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பம் ஒன்றுக்கு அந்த 'நியாயம்' என்னும் சொல் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாராய்ச்சி செய்வோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மெல்லிய பனிக்கட்டிப் படலத்தை உடைத்துச் செல்ல இரும்புப் படகால் இயலும். ஆயினும் நன்மக்கள் அதைச் செய்வதில்லை. உடைந்த தகடுகள் இருபுறமும் ஒதுங்கி, கரையில் நிற்கும் கண்ணாடியிழைப் படகுகளின் விலாவைக் கீறும். தம் படகின் நீர்க்கோட்டில் பூசிய கீலும் உரிந்துபோகும்.

முற்காலத்தில் உடைத்தே தீர வேண்டியிருந்தது. பனியுடைக்கும் குட்டைப் படகைக் குதிரைகள் பல இழுக்க, அதன் நடுவில் நீளவாட்டில் அமைந்த கம்பியைப் பற்றி நின்று ஆடவர் பலர் படகை இடமும் வலமுமாக ஆட்டுவர். அந்த ஆட்டத்தில் பனிக்கட்டி நொறுங்கும், சரக்கு நகரும். நகர்ந்தால்தான் கூலி. 1962 திசம்பர் இறுதியில் தொடங்கிய உறைவு 1963 மார்ச்சுத் தொடக்கம் வரை நீங்கவில்லை. 1740க்குப் பின் இங்கிலாந்து காணாத குளிர்காலம் அது. நிலக்கரி ஏற்றிய படகுகள் நின்ற இடத்தில் வாரக்கணக்கில் நின்றன. சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த தொழில் அது. சரக்கு லாரிக்குச் சென்றது, திரும்பவில்லை. அவ்வாண்டிலேயே அரசுக் கால்வாய் வாரியம் தன் ஒடுங்கிய படகுச் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டது. பிறந்ததும் வளர்ந்ததும் படகிலேயாகிய குடும்பங்கள் கரையேறின.

அக்குடும்பங்களின் குளிர்காலத்தை எழுதியவர் யார்? அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியார். ஓரிடத்தில் நில்லாத பிள்ளைக்குப் பள்ளி ஏது? 1877, 1884ஆம் ஆண்டுகளின் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்த பின்னும் நிலை பெரிதும் மாறவில்லை. எழுதியவர்கள் வெளியிலிருந்து வந்தோர். எல்.டி.சி. ரோல்ட் தம் படகுப் பயணத்தை 1944இல் நூலாக்கினார்; அந்நூலின் தாக்கத்தால் 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சரக்குப் படகு ஓட்டப் பயிற்சி பெற்ற மகளிரும் எழுதினர். உள்நாட்டு நீர்வழியைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் அவர்தம் சட்டை வில்லையில் இருந்தன. அவற்றையே கேலியாக விரித்து 'சோம்பேறிப் பெண்கள்' என்றனர். மூவராய் இரு படகுகளில் 50 டன் சரக்கை நடத்தியோர்க்கு இட்ட பெயர் அது! அவருள் சூசன் ஊல்ஃபிட் 1947இல் அக்கேலிப் பெயரையே தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். எம்மா ஸ்மித்தின் நூல் 1948இல் வெளிவந்தது. இவை மதிப்புடையன. எனினும், வாழ்நாளெல்லாம் உழைத்தவர் எழுதவில்லை, எழுதியவர் சில ஆண்டுகளே உழைத்தனர் என்னும் இடைவெளி இவ்விலக்கியத்தில் உண்டு. உறைந்த வடத்தைப் பற்றிய விரல், பனியாட்டத்தின் ஓசை, எந்த ஒலியில் பனிக்கட்டி தாங்கும், எந்த ஒலியில் தாங்காது என்ற அறிவு ஆகியவற்றுள் பெரும்பகுதி எழுத்தேறாமலே கரையேறிவிட்டது. நெய்தல் நிலத்துப் படகுச் சொற்களாகிய அணியம், கடையால் போன்றவற்றைப் பாட்டில் ஏற்றத் தயங்கும் தமிழ்க் கவிஞர்க்கும் இச்செய்தி உரியதே.

பின்பனி கழியும் பங்குனியில் படகுடையார் திரும்புகின்றனர். திறந்து வைத்த குழாய்களை ஒவ்வொன்றாக மூடுகின்றனர், அடித்திருகை முடுக்குகின்றனர், தொட்டியில் நீர் நிரப்பிப் பம்பின் விசையை அழுத்துகின்றனர். குழாய்களில் அழுத்தம் நிறைந்ததும் பம்பு தானாக ஓய வேண்டும். அதுவரை எவரும் பேசுவதில்லை. ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ பலகைக்குப் பின்னே ஒரு குழாய் பிளந்திருக்கிறது. கைவிளக்கை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுத் தேடத் தொடங்குவர்.