சபைக்குள் நுழைந்த கட்சி



1960 செப்டம்பர் 12. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரத்து ஓட்டல் ஒன்றில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் திரண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய் நின்றார் ஜான் கென்னடி. ஜனாதிபதி தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கென்னடி கத்தோலிக்கர். அதுவரை எந்தக் கத்தோலிக்கரும் அமெரிக்க ஜனாதிபதி ஆனதில்லை. 1928-இல் ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் நின்று தோற்றுப்போனார். கென்னடி வெள்ளை மாளிகைக்குப் போனால் போப்பாண்டவர் சொன்னபடிதானே ஆட்சி நடக்கும் என்பது போதகர்களின் சந்தேகம். கென்னடி சுற்றி வளைக்கவில்லை. மதம் வேறு, அரசு வேறு. எந்தக் கத்தோலிக்க குருவும் ஜனாதிபதிக்கு உத்தரவு போடக் கூடாது, எந்தப் புராட்டஸ்டன்ட் போதகரும் தம் சபையாரிடம் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சொல்லக் கூடாது என்று பேசினார். நவம்பரில் மயிரிழையில் ஜெயித்தார்.

இரண்டாவது கத்தோலிக்க ஜனாதிபதி வர அறுபது ஆண்டு ஆயிற்று. ஜோ பைடன், வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறவர். இந்த முறை கேள்வி கேட்டவர்கள் அவருடைய சொந்த சபையின் ஆயர்கள். கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் அரசியல்வாதிக்கு நற்கருணை கொடுக்கலாமா என்று 2021-இல் அவர்கள் பெரிய விவாதமே நடத்தினார்கள். கடைசியில் யார் பெயரையும் குறிப்பிடாமல் ஓர் அறிக்கை வந்தது. கென்னடியிடம், நீ ரொம்பக் கத்தோலிக்கனோ என்று கேட்டார்கள். பைடனிடம், நீ போதுமான கத்தோலிக்கன்தானா என்று கேட்டார்கள்.

கென்னடி காலத்தில் கத்தோலிக்கர்களும் தென்மாநிலத்து பாப்டிஸ்டுகளும் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி. வடக்கே மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் குடும்பங்களில் குடியரசுக் கட்சிக்காரர்கள் அதிகம். ஒருவர் வாராவாரம் சர்ச்சுக்குப் போகிறார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அன்று அவருடைய கட்சியைச் சொல்லிவிட முடிந்திருக்காது. இன்று வெள்ளையர்களிடையே அதை ஓரளவு சொல்லிவிடலாம். வாராவாரம் போகிறவர் பெரும்பாலும் குடியரசுக் கட்சி. எந்தச் சபையிலும் இல்லாதவர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி.

இந்த மாற்றத்துக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் 1973-ஐக் காட்டுவார்கள். அந்த ஆண்டு 'ரோ எதிர் வேட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கியது. கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்து குடியரசுக் கட்சியில் சேர்ந்தார்கள் என்பது கதை. கதை எளிதாக இருக்கிறது, காலக்கணக்குதான் உதைக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு இரண்டு ஆண்டு முன்னால், 1971-இல், தெற்கத்திய பாப்டிஸ்ட் பேரவையே தாயின் நலம், பலாத்காரம் போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது. அன்றைக்குக் கருக்கலைப்பு எதிர்ப்பு கத்தோலிக்கர்களின் கவலையாகவே பார்க்கப்பட்டது.

பாப்டிஸ்ட் போதகர்கள் சிலரை முதலில் உசுப்பியது வரி விவகாரம். கறுப்பின மாணவர்களை ஒதுக்கும் தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1970-களில் வருமான வரித்துறை இறங்கியது. தெற்கு கரோலினாவில் உள்ள பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் அப்படித்தான் வரிவிலக்கை இழந்தது. 1983-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கருக்கலைப்பு எதிர்ப்பு பின்னால் இதோடு சேர்ந்துகொண்டது. இன ஒதுக்கலுக்காகக் கொடி பிடிப்பதைவிட கருவிலுள்ள குழந்தைக்காகக் கொடி பிடிப்பது கௌரவமான காரியம் அல்லவா! அதற்காக அந்த எதிர்ப்பே போலி என்று நான் சொல்லமாட்டேன். இலட்சக்கணக்கானவர்கள் அதை மனதார நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள்.

ஜெர்ரி ஃபால்வெல் என்ற வர்ஜீனியா போதகரின் வாழ்க்கையே இந்த மாற்றத்துக்கு ஒரு சாட்சி. 1965-இல், மார்ட்டின் லூதர் கிங்கோடு போதகர்கள் ஊர்வலம் போன நாட்களில், போதகனுக்கு அரசியலில் என்ன வேலை என்று பிரசங்கம் செய்தவர் அவர். 1979-இல் அவரே 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் இயக்கத்தைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் நின்ற முக்கிய வேட்பாளர்கள் இருவரையும் பாருங்கள். ஒருவர் ஜிம்மி கார்ட்டர். மறுபடியும் பிறந்த கிறிஸ்தவன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர். மற்றவர் ரொனால்டு ரீகன். விவாகரத்தானவர், கலிபோர்னியா ஆளுநராக 1967-இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்திட்டவர். ஃபால்வெல் கூட்டம் ரீகன் பக்கம் நின்றது. வேட்பாளரின் பக்தியை எடைபோட்டிருந்தால் இது நடந்திருக்காது. அவர்கள் எடைபோட்டது கட்சியை. 2016-இல் வெள்ளை இவாஞ்சலிக்கல் (நற்செய்தி இயக்கக் கிறிஸ்தவ) வாக்காளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் டிரம்ப்புக்குப் போட்டபோது உலகம் வியந்தது. 1980-ஐ நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு வியப்பு இருந்திருக்காது.

இங்கே கறுப்பின சபைகளை மறந்துவிடக் கூடாது. அதே பாப்டிஸ்ட் ஞானஸ்நானம், அதே வேதாகமம், ஞாயிறு வருகையிலும் குறைவில்லை. ஓட்டு மட்டும் பெருவாரியாக ஜனநாயகக் கட்சிக்கு. கிங் பிரசங்கம் செய்த அட்லான்டா எபனேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ரஃபேல் வார்னாக் 2021 முதல் அந்தக் கட்சியின் செனட்டர். இறையியலைப் படித்து அமெரிக்க ஓட்டைக் கணித்துவிடலாம் என்பவர்கள் இந்தச் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

மதம் அரசியலைக் கெடுத்தது என்பது வழக்கமான புகார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அரசியல் மதத்துக்குச் செய்ததுதான். மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற சமூகவியலாளர்கள் 2002-லேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். 1990-களில் மதமில்லை என்று சொல்வோர் தொகை ஏறியதற்கு, மதம் என்றாலே வலதுசாரி அரசியல் என்றாகிவிட்டதும் ஒரு காரணம் என்றார்கள். இவர்களில் பலருக்குக் கடவுள் நம்பிக்கை போகவில்லை. மேடையில் கேட்ட அரசியல்தான் ஆகவில்லை. மிஷேல் மார்கோலிஸ் என்ற ஆய்வாளர் 2018-இல் எழுதிய நூல் இன்னும் ஒரு படி போகிறது. வாலிப வயதில் பலர் சர்ச்சிலிருந்து விலகுகிறார்கள். கட்சிப் பற்று ஊன்றுவதும் அந்த வயதில்தான். பிள்ளைகள் பிறந்தபின் குடியரசுக் கட்சிக்காரர் சர்ச்சுக்குத் திரும்புகிறார், ஜனநாயகக் கட்சிக்காரர் அவ்வளவாகத் திரும்புவதில்லை.

விளைவைக் கணக்கில் பார்க்கலாம். காலப் நிறுவனத்தின் கணிப்பில் 1999-இல் அமெரிக்கர்களில் 70 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வழிபாட்டுத் தலத்தின் உறுப்பினர்கள். 2020-இல் அது 47 சதவீதம். சபைகளும் உடைகின்றன. ஒருபாலின உறவு பற்றிய சண்டையில் 2019-க்கும் 2023-க்கும் இடையே ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையின் அமெரிக்கக் கிளைகளில் ஏறத்தாழ கால்வாசி வெளியேறிவிட்டது. அடிமை முறைக்காக அதே மெதடிஸ்டுகள் 1844-இல் பிளந்தார்கள், பாப்டிஸ்டுகள் அடுத்த ஆண்டு. உள்நாட்டுப் போர் வந்தது 1861-இல். இப்போதும் அப்படி ஆகும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. ஆனால் வெவ்வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதற்கு அந்த நாட்டில் இருந்த இடங்கள் குறைவு. அவற்றில் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த அமெரிக்கத் தேர்தலின்போது கிறிஸ்தவ வாக்கு யாருக்கு என்று செய்தித்தாள்கள் கட்டாயம் எழுதும். அதைப் படிக்கையில் எந்த இனத்துக் கிறிஸ்தவர், எந்த மாநிலத்தவர், அவர் முதலில் சேர்ந்தது சபையிலா கட்சியிலா என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.