பிப்ரவரி 15: ஒரு தீவும் ஒரு தேதியும்



‘சரித்திரத்துல தேதியை மனப்பாடம் பண்ணி என்ன சார் லாபம்?’ என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இன்று ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 15. இடம், ஜொகூருக்குத் தெற்கேயுள்ள சிங்கப்பூர்த் தீவு.

1942இல் அந்நாள் ஞாயிற்றுக்கிழமை. சீனப் புத்தாண்டின் முதல் நாள். ஆனால், கொண்டாட்டம் ஏது? ஒரு வாரத்துக்கு முன்புதான் ஜப்பானியப் படை ஜலசந்தியைத் தாண்டித் தீவில் இறங்கியிருந்தது. நீர்த்தேக்கங்கள் அவர்கள் வசமாயின. குண்டு விழுந்து குழாய்கள் உடைந்தன; பட்டணமே தண்ணீருக்குத் தவித்தது. அன்று மாலை, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில், ஜெனரல் பெர்சிவல் ஜெனரல் யமாஷித்தாவிடம் சரணடைந்து கையெழுத்திட்டார். யாராலும் பிடிக்க முடியாத கோட்டை என்று பேசப்பட்ட தீவு விழுந்தது. அதன் பெயரும் ‘சியோனான்’ என்று மாறியது.

சிங்கப்பூரோடு மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்குள் வந்துவிட்டது. அந்தத் துன்பம் நம் லயத்து வாசலுக்கும் வந்தது. மூன்றரை ஆண்டுகள் அரிசிக்குப் பஞ்சம், மரவள்ளிக்கிழங்குதான் சோறு. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். அவர்களை எங்கே புதைத்தார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியாது.

அதே பிப்ரவரி 15, ஆண்டு 1967. சரியாக 25 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஜப்பானியர் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள் 1962 முதல் சிங்கப்பூரில் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றைத் தாழிகளில் வைத்து அடக்கம் செய்து, மேலே நான்கு உயரமான தூண்களை எழுப்பினார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என நான்கு பிரிவினருக்கும் நான்கு தூண்கள். அடியில் ஒரே பீடம். அந்த நினைவுச் சின்னத்தை அன்று பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார். 1998 முதல் அதே தேதியை அங்கே முழுமைத் தற்காப்பு தினமாக அனுசரிக்கிறார்கள். தோற்ற நாளை மறைக்காமல் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

பெற்றோர்களே, சயாமுக்குப் போய்த் திரும்பாத நம்மவர்களின் பெயர்கள் பல வீடுகளில் பெரியவர்களின் வாயில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் கண்ணை மூடினால் அந்தப் பெயரும் போச்சு. ஆகவே மாணவர்களே, இன்று பரிசாகக் கிடைக்கும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். ‘நம்ம குடும்பத்துல யாரு போனாங்க? எந்தத் தோட்டத்துலேருந்து போனாங்க?’ என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். தூண் எழுப்ப நம்மிடம் பணம் இல்லாதிருக்கலாம். எழுதப் பேனா இருக்கிறது.